லைட்டு ஊட்டுக்காரர்கள்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவினாசிக்கும் குன்னத்தூருக்கும் நடுவில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ட்யூப் லைட்டுக்குக் கீழே டி-சர்ட்டை விரித்துப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, இப்போது மனிதர்களைப் பார்த்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. என் வீட்டுக்காரர் வீரனைக் கேட்டால் இதைப்பற்றி விலாவாரியாகச் சொல்வார். இந்த மருதாள் வாயைத் திறந்தால் மெஷின்கூட நின்றுவிடும் என்று கம்பெனியில் பேச்சு. அது பொய் இல்லை.

இந்தக் கதை சாமியப்பன் அண்ணனைப் பற்றியது. அவரிடமும் ஆனமட்டும் குறை தேடிப் பார்த்தேன்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சாஃப்ட்பால் ஆடுகிறோம். கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய மஞ்சள் பந்து. எறிகிறவள் கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழே இருந்து விடவேண்டும். அடிக்கிறவளுக்குப் பின்னால் குத்தவைத்து, முகத்தில் கம்பிக் கூடு மாட்டிக்கொண்டு அந்தப் பந்தைப் பிடிக்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் ஆடியது. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகி, முட்டி தேய்ந்த பிறகு மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எறிகிறவள் சத்யப்பிரியா. எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. ப்ளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாள். அடுத்து வரும் தை மாதம் மாவட்ட ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதில் சேர்ந்து மாநிலப் போட்டியில் ஆடினால், கோயமுத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டலோடு சீட்டுத் தருகிறது. அடுத்த வருஷம் அவளுக்கு ஜூனியர் வயது தாண்டிவிடும். அவள் அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இந்தத் தடவையோட இது முடிஞ்சுருமா கண்ணு?" என்று மட்டும் கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது சத்யா நூல் கோர்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். இப்படிப் பந்து விடுகிற கையை ஓவர்லாக்கில் வைத்துத் தைத்துவிட்டுப் போவதா?

பழகலாம் என்றால் வெளிச்சம் இல்லை. கம்பெனி ஆறு மணிக்கு விடுகிறது. கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு எதிரில் வருகிறவர் முகம் தெரியாது. கடலை எடுத்துவிட்டு ஆத்தப்பன் என்பவர் சும்மா போட்டிருந்த காட்டில்தான் நாங்கள் ஆடுவது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அங்கே ஒரு குண்டு பல்பு கிடையாது. ஆளுக்கொரு வண்டியை வட்டமாக நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் முழங்காலுக்குத்தான் வந்தது. பந்து முழங்காலுக்கு மேலே போனதும் காணாமல் போய், என் தோளில் வந்து மோதிய பிறகு இன்ன இடம் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் வீரன் தன் வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரியும் போச்சு, பொண்டாட்டியும் போச்சு" என்று நடந்தே வேலைக்குப் போனார்.

அந்த வண்டி வட்டத்தைப் பார்த்துத்தான் ஒரு நாள் சாமியப்பன் அண்ணன் தன் குட்டியானை டெம்போவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மைக் செட்டு, லைட்டு செட்டு வாடகைக்கு விடுகிறவர். கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவருடைய குழாய்தான் கத்தும். ஐம்பது வயதிருக்கும். மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏனுங்க, யாருக்கு அடிபட்டுருச்சு?"

"யாருக்கும் இல்லீங்ணா. வெளையாடறோம்."

"இந்த இருட்டுலயா?"

"பகல்ல எங்க மொதலாளி எங்களை வெச்சு வெளையாடறாருங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். பந்தை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். சத்யாவை ஒரு பந்து போடச் சொன்னார். இருட்டில் அது காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு என் கையுறையில் 'தப்' என்று ஒரு சத்தம்.

"நாளன்னைக்கு மார்கழி பொறக்குது" என்றார். "கண்ணாலம் கிடையாது, காச்சி கிடையாது. என்ற லைட்டெல்லாம் குடோன்ல எலி கடிச்சுட்டுக் கெடக்கும். எரியாத லைட்டு கெட்டுப்போயிருமுங்க. கொண்டாந்து போட்டு உடறேன். ஜெனரேட்டருக்கு டீசலு மட்டும் நீங்க பாத்துக்குங்க."

சும்மா கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அன்று வீட்டுக்குப் போய் வீரனிடம், அந்த ஆள் ஏன் கொடுக்கிறார், எதற்குக் கொடுக்கிறார் என்று துருவினேன். "எரியாத லைட்டு கெட்டுப்போயிரும்னு அவரே சொல்லிட்டாரல்ல, உடேன்" என்றார் வீரன்.

மார்கழி முதல் நாள் வந்தார். நாங்கள் வேலை முடிந்து போவதற்குள் எல்லாம் தயாராக இருந்தது. முதலில் எங்கள் கண்ணில் பட்டது ஒரு முருகன். வேலும் மயிலுமாக, ஆள் உயரத்துக்குச் சீரியல் பல்பில் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தார். மயில் தோகை விரிவதும் மூடுவதுமாக இருந்தது.

"இது எதுக்குங்ணா?"

"சாமி எரியாம நான் வேற லைட்டு போட்டதே இல்லீங்க."

சரி, சாமி விஷயத்தில் நான் வாய் வைப்பதில்லை. ஆனால் மற்ற லைட்டுகளையும் பார்த்தேன். நான்கு பெரிய ஃபோகஸ் லைட். நான்கும் இரும்பு ஸ்டாண்டில், ஆள் உயரத்தில், சத்யா நின்று எறிய வேண்டிய இடத்தைப் பார்த்து நின்றன. அவள் போய் நின்றாள். அடேயப்பா, ரிசப்ஷன் மேடையில் நிற்கும் கல்யாணப் பெண் மாதிரி முகம் தகதகவென்று இருந்தது. மூக்கில் இருந்த பரு வரைக்கும் தெரிந்தது. "அழகா இருக்கற சத்யா" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அக்கா, நீங்க எங்க இருக்கறீங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்குப் பந்து தெரியவில்லை. வெளிச்சத்துக்குள் இருந்து கிளம்பிய பந்து பாதி வழியில் இருட்டுக்குள் புகுந்து, என் கட்டைவிரலில் வந்து இறங்கியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் போய்க் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

அவருக்கு முகம் வாடிவிட்டது. "இத்தனை வருசமா லைட்டு போடறேன். மூஞ்சி இருட்டா இருக்குதுன்னு ஒருத்தரு சொன்னதில்லீங்க" என்றார்.

"மூஞ்சி தெரிய வேண்டாமுங்ணா. பந்து தெரியோணும்."

வாழ்நாள் முழுக்க மாப்பிள்ளை, பெண், சாமி, தலைவர் என்று முகத்துக்கே லைட் போட்ட மனிதர். முகம் இல்லாத ஒன்றுக்கு எப்படி லைட் போடுவது என்று அவருக்கு யோசனை. கடைசியில் என் கம்பிக் கூட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, என் இடத்தில் குத்தவைத்தார். "கண்ணு, மெதுவாப் போடு" என்றார். மெதுவாகத்தான் போட்டாள். அவர் குப்புற விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "இப்பப் புரியுது" என்றார்.

பந்தல் போடும் சவுக்குக் கழிகளை டெம்போவில் இருந்து இறக்கினார். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி உயரமாக்கி, உச்சியில் லைட்டைக் கட்டினார். முன்னால் இருந்து அடித்த வெளிச்சம் இரண்டு பக்கவாட்டுக்கும் போனது. ஒவ்வொரு லைட்டாகச் சாய்ப்பார், வந்து என் இடத்தில் குத்தவைப்பார், சத்யாவை ஒரு பந்து போடச் சொல்வார், மறுபடியும் ஓடிப்போய்ச் சாய்ப்பார். அன்றைக்கு நாங்கள் ஆடவே இல்லை. கிளம்பும் நேரத்தில் சத்யா விட்ட பந்து, அவள் கையில் இருந்து என் கைவரைக்கும், ஒரு இடத்திலும் மறையாமல் மஞ்சளாக வந்து சேர்ந்தது. முருகனை மைதானத்தின் கடைசிக்கு நகர்த்தி வைத்தோம். பந்து பறந்துபோய் முருகன்மேல் பட்டால் ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, என்று ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம்.

அந்த மார்கழி மாதத்தை நான் மறக்கமாட்டேன். பனியில் பந்து நனைந்து வழுக்கும். பனியன் வேஸ்ட் துணியில் துடைத்துத் துடைத்து எறிவாள். விடியக்காலையில் கோயில் கோயிலாக மைக் செட்டு வேலை பார்த்த மனிதர், சாயங்காலம் ஆறு மணிக்கு ஜென்செட்டைத் தட்டி ஓடவிட்டுவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் தினமும் எதையாவது குறை சொல்வேன். இடது பக்க லைட் சரிந்திருக்கிறது, ஜென்செட் புகை அடிக்கிறது, முருகனுடைய மயில் பாதிதான் எரிகிறது. அவர் "ஆமாங்க" என்று எழுந்துபோய்ச் சரிசெய்வார். ஒருமுறைகூட நான் அவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கம் நன்றி என்ற சொல் மேடையில் பேசுகிறவர்களுக்கு. நாங்கள் அதிகம் போனால் ஒரு டீ வாங்கிக் கொடுப்போம்.

தை பிறந்தது. பொங்கலோடு கல்யாண முகூர்த்தங்கள் ஆரம்பித்துவிட்டன. லைட்டுகள் போய்விட்டன. அது அவர் பிழைப்பு, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆள் எடுக்கிற நாள் தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் சத்யாவின் கை மேலே எழும்பும் பந்துக்குப் பழகி வந்துகொண்டிருந்தது. அடிக்கிறவள் மட்டையை வீசும் நேரத்தில் ஒரு சாண் மேலே ஏறும் பந்து. அது வந்தால் சீட்டு, வராவிட்டால் ஓவர்லாக். பாதியில் விட்டால் கை மறந்துவிடும். இரண்டு நாள் சத்யா இருட்டில் காட்டு ஓரம் வந்து நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் சாமியப்பன் அண்ணன் போன் செய்தார்.

"மருதா, குன்னத்தூர் ரோட்டு மண்டபத்துல இன்னைக்கு ரிசப்ஷன். பொறத்தாண்ட வண்டி நிறுத்தற எடம் பெருசாக் கெடக்குது. அங்க எப்படியும் நான் லைட்டு போட்டாகோணும். ஆறரைக்குப் புள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க."

"அடுத்தவங்க கண்ணாலத்துல போயிப் பந்து எறியறதுங்களா? நல்லா இருக்குது போங்க."

"லைட்டு உங்ககிட்ட வர முடியாதுங்க. நீங்க லைட்டுகிட்ட வரலாமல்ல?"

நான் முடியாது என்றுதான் சொன்னேன். சத்யா அதற்குள் கையுறையை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள்.

மண்டபத்துக்குப் பின்னால், கார்களை ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நீளமான இடத்தைக் காலியாக வைத்திருந்தார். இரண்டு பக்கமும் சவுக்குக் கழி, உச்சியில் லைட். நாங்கள் பாட்டுக்கு எறிந்து பிடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே பாட்டுக் கச்சேரி, சமையல்கட்டில் பாத்திரச் சத்தம், குழந்தைகள் கத்தல். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி, விருந்துக்கு வந்த ஒறம்பரைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பட்டுச்சேலைக்காரர்கள், வெள்ளை வேட்டிக்காரர்கள், ஐஸ்கிரீம் கப்போடு நிற்கிறவர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். தீனதயாளன் என்று பெயர், பெண்ணுக்குப் பெரியப்பா.

"நீங்க யாருங்க? மாப்பிள்ளை ஊடா, பொண்ணு ஊடா?"

நான் கம்பிக் கூட்டைக் கழற்றிவிட்டு எழுந்தேன். பின்னால் இருந்து சாமியப்பன் அண்ணன் குரல் கொடுத்தார்.

"லைட்டு ஊடுங்க."

தீனதயாளன் சத்யா போட்ட பந்தை இரண்டு தடவை பார்த்தார். விசாரித்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். "அப்பச் செரி. முடிஞ்சதும் சாப்புட்டுப் போகோணும் சாமி, சாப்புடாமப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அன்று பந்தியில் எங்கள் இரண்டு பேர் இலையிலும் அவரே நின்று ஜிலேபி வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு லைட் போகிற இடமெல்லாம் நாங்களும் போனோம். ஒரு நாள் சீர் கொண்டு வருகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றோம். ஒரு நாள் பேண்டு வாத்தியம் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தது. ஒரு நாள் பந்து தவறிப்போய் வாழைமரத்தைச் சாய்த்துவிட்டது, அண்ணன் கட்டி நிறுத்தினார். ஒரு மண்டபத்தில்கூட எங்களைப் போ என்று சொல்லவில்லை. வாய்ச்சண்டைக்குத் தயாராகப் போய்ப் போய், சாப்பிட்டு, வெற்றிலை பாக்குத் தேங்காய்ப் பையோடு திரும்பி வந்தேன். இந்த ஊர் இத்தனை நல்ல ஊர் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அந்தப் பத்துப் பதினைந்து நாளில் சத்யாவின் பந்து ஏறத் தொடங்கியது.

ஆள் எடுக்கும் நாள் காலையிலேயே நல்ல வெயில். ஒரு காலேஜ் மைதானம். எறிகிறவர்கள் தங்களுக்குப் பழகிய பிடிக்கிற ஆளைக் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். தேர்வு செய்யும் சண்முகப்பிரியா மேடம் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதில்மேல் காலேஜ் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் ஊளையிட்டார்கள். சத்யாவுக்கு முன்னால் போன பிள்ளை, பெரிய ஸ்கூல் பிள்ளை, அந்தச் சத்தத்தில் தடுமாறித் தரையில் பந்தைப் போட்டாள்.

சத்யா விட்ட முதல் பந்து என் தலைக்கு மேலே போய் வேலியில் மோதியது. இரண்டாவது என் வலது கைப்பக்கம் ஒரு கஜம் தள்ளிப் போனது. மதிலில் ஒரே சிரிப்பு. மேடம் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. எழுந்து அவளிடம் ஓடினேன்.

"என்னடி ஆச்சு? பயமா?"

"இல்லீங்க்கா. எல்லாப் பக்கமும் வெளிச்சமா இருக்குது. எதைப் பாக்கறதுன்னு தெரியல."

பாவம், அவள் பழகியதெல்லாம் சுற்றிலும் இருட்டு, நடுவில் என் கை. திட்டலாம் என்று போனவளுக்குத் திட்ட வரவில்லை.

"என்ற கைய மட்டும் பாரு. மத்ததெல்லாம் ஒறம்பரை" என்றேன்.

அவள் மதிலை ஒருமுறை பார்த்தாள். ஊளையிடும் பையன்களைப் பார்த்தாள். பேண்டு வாத்தியத்துக்கும் சீர் கூட்டத்துக்கும் நடுவில் நின்று எறிந்தவளுக்கு அது ஒரு சத்தமா? உதட்டோரம் சிரிப்பு வந்தது. நான் திரும்பிப் போய்க் குத்தவைத்தேன்.

அடுத்த பந்து நேராக என் கைக்கு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு மட்டையோடு ஒரு பிள்ளையை நிற்கவைத்தார்கள். சத்யா கையைச் சுற்றினாள். பந்து இடுப்புக்கு வந்தது, மட்டை வீசியது, பந்து ஏறி மட்டைக்கு மேலே என் கையில் வந்து உட்கார்ந்தது. மதிலில் சத்தம் நின்றுவிட்டது. "இன்னொண்ணு" என்றார் மேடம். இன்னொன்று. "இன்னொண்ணு." என் உள்ளங்கை கன்றிப்போகும் வரைக்கும் கேட்டார்.

முடிந்ததும் அங்கேயே பெயர்களைச் சொன்னார்கள். எறிகிறவர்களில் முதல் பெயர் சத்யப்பிரியா.

அவள் குதிக்கவில்லை, கத்தவில்லை. என் பையில் இருந்து போனை எடுத்தாள். அம்மாவுக்குத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். சாமியப்பன் அண்ணனுக்கு அடித்தாள். அன்று முகூர்த்த நாள், அவர் எங்கோ மண்டபத்தில் இருந்தார். போனில் ஒரே இரைச்சல்.

"அண்ணா, செலக்ட் ஆயிட்டனுங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"என்னது கண்ணு? இந்தச் சத்தத்துல காதுல விழுகல. சித்த இரு, மைக்குல வெக்கறேன். மறுக்காச் சொல்லு."

அவள் மறுபடியும் சொன்னாள். அவள் குரலே மண்டபம் முழுக்கச் சுற்றி எதிரொலித்து எங்கள் போனுக்குத் திரும்பி வந்தது. பிறகு அவர் மைக்கில் சொல்வது கேட்டது: "ஒறம்பரையெல்லாம் கேளுங்க. மண்டபம் மண்டபமாப் பொறத்தாண்ட பந்து போட்டுட்டிருந்துச்சே, அந்தப் புள்ளை. ஜெயிச்சுருச்சு." கைத்தட்டல் மழை மாதிரி வந்தது.

நான் போனைப் பிடுங்கினேன். அது மைக்கில் இருக்கிறது என்று தெரிந்தேதான் பேசினேன்.

"அண்ணா, மருதா பேசறனுங்க. நீங்க இல்லீன்னா இந்தப் புள்ளை இன்னைக்கு மெஷின்ல உக்காந்திருக்குமுங்க. நன்றிங்ணா. ரொம்ப நன்றி. நீங்க நல்லா இருக்கோணும்."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் மண்டபம் முழுக்கக் கேட்டது. இத்தனை பேர் கைதட்டுகிறார்களே, தாலி கட்டும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். மைதானத்து நடுவில், மண் அப்பிய முழங்காலோடு சத்யா என் தோளில் சாய்ந்து நின்றாள். எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் போன். மேளம் நின்று அண்ணன் பேசும் வரைக்கும் நாங்கள் வைக்கவில்லை.